குவாட்டர் மாத்தியாச்சு

செப்டம்பர் 7, ஞாயிறு

தோல்வி. 10–31. பழைய குருடி கதவைத் திறடி.

இந்த நோட்டில் ஆட்டத்தைப் பற்றி மட்டும்தான் எழுதுவது என்று ஒவ்வொரு சீசனும் தீர்மானம் போடுவேன். இந்த வருடமும் போடுகிறேன். வேலைக்கென்று பாளையங்கோட்டையிலிருந்து இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து இறங்கிய முதல் குளிர்காலத்தில், ஆபீஸ்காரன் ஒருவன் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து இருக்கைக் கிழவர் தன் கம்பளியில் பாதியை என் மடியில் போட்டுவிட்டு, 'ஹெரன்ஸ்தான் உன் டீம், இனி உனக்கு விமோசனம் கிடையாது' என்றார். சாபம் பலித்துவிட்டது. ஹெரன் என்றால் கொக்கு. கொக்குகள் அன்றிலிருந்து தோற்றுக்கொண்டிருக்கின்றன, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் கார்வர். அவன்தான் எங்கள் குவாட்டர்பேக். பந்து அவன் கைக்கு வந்துதான் ஆட்டமே நகரும். யாரிடம் எறிவது, எப்போது எறிவது எல்லாம் அவன் முடிவு. பஸ்ஸுக்கு டிரைவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் டிரைவர் கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற ஜாதி. யோசித்து முடிப்பதற்குள் எதிராளி நாலு பேர் அவன் மேல் படுத்திருப்பார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தோல்வி. பாதி ஆட்டத்தில் எழுந்து உள்ளே போய்ப் பார்த்தேன். இசக்கி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். தூங்குகிறவள் மூச்சு விடாமல் வேறென்ன செய்வாள் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

செப்டம்பர் 24, புதன்

இசக்கிக்கு ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். போன தடவையும் இதே ஆறாம் மாதத்தில் சரியாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பத்து நாள் கழித்துத் துடிப்பு இல்லை என்றார்கள்.

இது ஆட்டக் குறிப்பு. இங்கே இதை எழுதக் கூடாது.

அக்டோபர் 2, வியாழன்

அத்தை வந்து சேர்ந்தார். இசக்கியின் அம்மா, பேச்சியம்மாள். அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பெட்டியைத் திறந்தால் கருப்பட்டி, சுக்கு, வேட்டிக்குள் சுற்றிய பச்சைக் கண்ணாடி வளையல்கள். வளையலைப் பார்த்ததும் நான் சொல்லிவிட்டேன்.

"வளைகாப்பெல்லாம் வேண்டாம் அத்தை. யாருக்கும் சொல்லல. ஒண்ணும் வாங்கவும் இல்ல. எல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்."

"சரி மாப்ளே" என்றார். இசக்கி தன் கையை அம்மாவிடம் நீட்டினாள். அத்தை ஒரு வளையலை அளவு பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். இசக்கிக்கும் வேண்டாம்தான் என்று நினைக்கிறேன்.

போன தடவை செய்தி தெரிந்த அன்றே ஊருக்குச் சொன்னேன். அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். இங்கே ஓர் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, தொட்டில் வாங்கி, அதைப் பிறகு நானே கழற்றிப் பெட்டியில் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை என் வீட்டில் யாருக்கும் தெரியாது. அத்தை ஊர் சுற்றிப் பார்க்க வந்திருப்பதாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தோல்வி. இந்த சீசனில் இன்னும் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் சோபாவில் மாமியார் உட்காருவதாவது! அத்தை அடுக்களை வாசலில் நின்றபடியே பார்த்தார்.

"எதுக்கு மாப்ளே ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து கெடக்கானுவ?"

"நாலு தடவைக்குள்ள பத்து கெஜம் முன்னால போகணும் அத்தை. மத்தவன் போக விடமாட்டான்."

"பத்து கெஜத்துக்கா இம்புட்டு அடிதடி? எங்கிட்ட கேட்டா நானே கிழிச்சுக் குடுத்துருப்பேனே."

இசக்கி சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது. மெதுவாகச் சிரி என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

நம்பவே முடியவில்லை. கார்வரை உட்கார வைத்துவிட்டார்கள்! இனி ஜோனா வெல்ஸ். இருபத்திரண்டு வயது. பந்தை எறிந்து முடித்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது, காற்றில் ஏதோ கோலம் போடும். முன்பு ஒருமுறை அரை ஆட்டம் ஆட வந்தபோதே கவனித்திருக்கிறேன். பயல் அடிபட்டு விழுந்தால் எழுந்து சிரிக்கிறான்.

சாயங்காலம் அடுக்களைப் பக்கம் நடந்துகொண்டே நண்பன் நவநீதனுக்குப் போன் போட்டேன். டெக்சஸில் இருந்தாலும் அவனும் கொக்குப் பைத்தியம். "மாத்தியாச்சுடே, குவாட்டர மாத்தியாச்சு! பழச வச்சுக்கிட்டு வாரா வாரம் தலவலி. இனி ஞாயித்துக்கெழமன்னா எனக்குக் கொண்டாட்டந்தான். இசக்கிட்ட இன்னும் சொல்லல" என்றேன். எத்தனை நாளைக்கப்புறம் இப்படிச் சத்தமாகப் பேசுகிறாய் என்று நவநீதனே கேட்டான்.

அக்டோபர் 15, புதன்

அத்தைக்கு என்னவோ ஆகிவிட்டது. காபி டம்ளரை மேசையில் ணங்கென்று வைத்தார். நான் குடித்து வைத்த டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த வினிகர் பாட்டிலை வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு ஞாபகமாக இருக்கும் என்கிறாள் இசக்கி.

அக்டோபர் 17, வெள்ளி

மானம் போன நாள். எழுதியே ஆக வேண்டும்.

காலையில் அப்பா கூப்பிட்டார். "ஏல மகராசா, நீ குடிக்கியாமே?"

"யாருப்பா சொன்னா?"

"சம்பந்தியம்மாதான் போன் போட்டு அழுதா. வாரா வாரம் குவாட்டராம். பழச வுட்டுட்டுப் புதுசுக்கு மாறிட்டியாம். பொண்டாட்டிக்குத் தெரியாதாம்."

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அது ஆட்டம், ஆட்டக்காரனை அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். டி.வி.யில் காட்டுகிறேன் என்றேன். அப்பா சிரிக்கவில்லை.

"அது கெடக்கட்டும். 'வயித்துப் பிள்ளைக்காரி இருக்க வீட்டுல இப்படிச் செய்யலாமா'ன்னு கேட்டா அந்த அம்மா. எந்த வயித்துப் பிள்ளைக்காரில?"

என் சிரிப்பு நின்றுவிட்டது.

"எத்தனாம் மாசம்?"

"ஏழு."

பின்னால் அம்மா என்ன என்ன என்று கேட்பது காதில் விழுந்தது. போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று, உங்களுக்கும் சேர்த்து ஒரு கஷ்டம் எதற்கு என்று, என்னென்னவோ உளறினேன்.

"போன தடவ தெருவுக்கே மிட்டாய் குடுத்தேன். பொறவு தெருவுக்கே பதிலும் சொன்னேன். அது என் பாடுல. அத எனக்கு மிச்சம் புடிச்சுத் தான்னு நான் ஒங்கிட்ட கேட்டனா?" என்று கேட்டுவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அழுதாள். அப்புறம், "அவ என்ன கேக்காளோ செஞ்சு குடு" என்றாள்.

அலுவலகம் போகாமல் அத்தையைக் கூப்பிட்டு டி.வி.யைப் போட்டேன். ஜோனா வெல்ஸ் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. "இவந்தான் அத்தை குவாட்டர்."

அத்தை அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இசக்கி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆத்தி, பச்சப் பிள்ளையால்லா இருக்கான்! இவனுக்கா நான் ரெண்டு நாளா அழுதேன்?" என்று சொல்லிக்கொண்டே அத்தை சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

வெற்றி!! 27–24.

கடைசி இரண்டு நிமிடத்தில் ஜோனா வெல்ஸ் செய்ததை எழுத எனக்குத் தமிழ் போதாது. எறிய யாரும் கிடைக்காமல், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே ஓடினான். "ஓடு ராசா, ஓடு ராசா, பின்னால பாக்காத!" என்று கத்தியது யாரென்று பார்த்தால் அத்தை. ஹெல்மெட்டைக் கழற்றி அவன் சிரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பயல் எங்களைக் கரை சேர்ப்பான். எனக்குத் தெரியும்.

அக்டோபர் 26, ஞாயிறு

தோல்வி. இருந்தாலும் நல்ல தோல்வி. கற்றுக்கொள்கிறான்.

அப்பா இப்போது தினமும் கூப்பிடுகிறார். முதலில் 'ஒங்க கொக்கு என்னாச்சு' என்பார், பிறகு 'அவ எப்படி இருக்கா' என்பார். முதல் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்கிறேன். இரண்டாவதற்கு 'ம், இருக்கா.'

நவம்பர் 2, ஞாயிறு

வெற்றி. ஜோனாவின் பெயரும் பதினாலாம் எண்ணும் போட்ட சட்டை வந்து சேர்ந்தது. போட்டுக்கொண்டே பார்த்தேன்.

நவம்பர் 8, சனி

இசக்கியோடு சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது. அவள் பேசினாள், நான் நின்றுகொண்டிருந்தேன்.

தொட்டில் வாங்கலாமா என்று கேட்டாள். பொறவு பாப்போம் என்றேன். சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"இந்த ஜோனா எத்தன மேட்ச்சு ஆடிருக்கான்?"

"மூணு."

"மூணு மேட்ச்சு ஆடுனவனுக்குச் சட்டை வாங்கிட்டீய. இத்தன நாளா உள்ள கெடந்து உதைக்க பிள்ளைக்கு ஒரு துண்டுத்துணி வாங்கல."

தள்ளுபடியில் வந்தது என்றேன். அது பதில் இல்லையென்று எனக்கே தெரியும்.

"அவன் நாளைக்குத் தோத்தா என்ன செய்வீய?"

"அடுத்த மேட்ச்சு பாப்பேன்."

"அங்க மட்டும் எப்படி முடியுது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். பிறகு சட்டையை மடித்து என் பக்கத்து அலமாரியில் வைத்தாள்.

ஆட்டத்தில் தோற்றால் யாரும் எடுத்துப் போய்ப் புதைக்க வேண்டியதில்லை. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

தோல்வி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 13, வியாழன்

அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் கடைக்குள் போய்விட்டேன். தொட்டில் பெட்டி காருக்குள் நுழையவில்லை. பின் கதவைத் திறந்தபடி கயிறு போட்டுக் கட்டி, ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தேன். இசக்கி வாசலில் நின்று பார்த்தாள். கயிற்றின் மறுமுனையை அவிழ்த்தாள்.

அத்தையும் நானும் மஞ்சள் அறையில் உட்கார்ந்து மாட்டினோம். தலைமாட்டைக் கால்மாட்டில் மாட்டிவிட்டு, மறுபடி கழற்றி மாட்டினோம். "வளைகாப்பு எப்ப வைக்கலாம் அத்தை?" என்று கேட்டேன். ஸ்குரூவைத் தேடுவது போலக் குனிந்துகொண்டு கேட்டேன். அத்தையும் ஸ்குரூவைத் தேடுவது போலவே, "ஒம்பதாம் மாசம் நல்ல நாள் இருக்கு மாப்ளே" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு

வெற்றி. ஜோனாவுக்கு விலாவில் அடி. அடுத்த வாரம் ஆடுவான் என்கிறார்கள்.

நவம்பர் 29, சனி

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் வளைகாப்பு. இசக்கியின் ஆபீஸ் பெண்கள் மூன்று பேர், எதிர்வீட்டு மார்த்தா. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் போனில். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சை, புளி, தேங்காய் என்று சாதமே ஐந்து வகை. இசக்கி கன்னத்தில் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எனக்கு மறந்தே போயிருந்தது. கல்யாணத்தன்று சிரித்தது மாதிரி இருந்தது, சொல்லவும் செய்தேன்.

அத்தை முதல் வளையலை எடுத்துக் கையில் ஏற்றினார். ஏறவில்லை. "வந்த அன்னைக்கு அளவு பாத்தனே, லேசால்லா போச்சு" என்று சோப்பு கொண்டுவரச் சொன்னார். சோப்புப் போட்டும் விரல் முட்டிக்கு மேல் ஏறவில்லை. மார்த்தா கை தட்டிச் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. இசக்கியின் புறங்கையைத் தன் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

"ஏளா, தலைய வலிக்கா?"

"காலையிலேருந்து. அலைச்சல்னு நெனச்சேன்."

"மாப்ளே, வண்டிய எடுங்க" என்றார் அத்தை. போனில் அப்பா என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தார். போனை எதிர்வீட்டு மார்த்தாவின் கையில் கொடுத்துவிட்டு ஓடினோம். அவள் அவரிடம் என்ன சொன்னாளோ, அவர் என்ன புரிந்துகொண்டாரோ!

ரத்த அழுத்தம் மிக அதிகம். இன்றே வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர். பிள்ளையின் இதயத் துடிப்பைச் சத்தமாக வைத்திருக்கிறார்கள். குதிரை ஓடுவது மாதிரி இருக்கிறது. நிறுத்திவிடாதே, நிறுத்திவிடாதே என்று அதோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஆட்டம் நடந்திருக்கும்.

டிசம்பர் 3, புதன்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, படுக்கை. இடப்பக்கமாகப் படுக்க வேண்டும். ஹாலில் இடப்பக்கம் ஒருக்களித்தால் டி.வி.தான் எதிரே இருக்கிறது.

அந்த ஞாயிறு கொக்குகள் ஜெயித்திருக்கின்றன. நவநீதன் சொல்லித்தான் தெரியும். ஜெயித்த செய்தி மூன்று நாள் தெரியாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 14, ஞாயிறு

வெற்றி. சோபாவில் இசக்கி, அவள் காலடியில் அத்தை, தரையில் நான். "அவன் ஏன் எப்பவும் வலப்பக்கமே எறியுதான்? எடப்பக்கம் ஒருத்தன் சும்மா நிக்கானே" என்றாள் இசக்கி. அடுத்த எறி இடப்பக்கம் போனது. அவள் சொல்லித்தான் எறிந்ததாக அம்மாவும் மகளும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அப்பா கேட்டார், அவ எப்படி இருக்கா என்று. காலையில் சாப்பிட்டது, அழுத்தம் எவ்வளவு, பிள்ளை விக்கல் எடுத்து வயிறு துள்ளியது என்று எல்லாம் சொன்னேன். கொக்கு என்னாச்சு என்று கேட்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

வெற்றி. இன்னும் ஒன்றே ஒன்று ஜெயித்தால் அடுத்த சுற்று. நான் இந்த ஊருக்கு வந்த பிறகு கொக்குகள் அங்கே கால் வைத்ததே இல்லை.

ஜனவரி 1, வியாழன்

அழுத்தம் மறுபடி ஏறுகிறது. இனிக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வலியை வரவழைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பயமாக இருக்கிறது. இது ஆட்டக் குறிப்புதான், தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். ரொம்பப் பயமாக இருக்கிறது. இசக்கியிடமும் சொன்னேன். "எனக்குந்தான்" என்றாள். "இத முன்னாலயே சொல்லிருந்தா சேந்து பயந்துருக்கலாம்லா" என்று என் தலையை இழுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து காதில் ஓர் உதை விழுந்தது.

ஜனவரி 2, வெள்ளி

பெண்.

அழுதாள். வெளியே வந்து கொஞ்சம் பொறுத்துத்தான் அழுதாள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

இசக்கி நன்றாக இருக்கிறாள். அப்பாவுக்குச் சொன்னேன். அங்கே விடியற்காலை. கடை திறந்திருக்காதே, மிட்டாய்க்கு எங்கே போவது என்று புலம்பினார்.

ஜனவரி 4, ஞாயிறு

ஆஸ்பத்திரி அறையில் டி.வி. சின்னது, சுவரில் உயரத்தில் இருந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தோம். நர்ஸ் என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றச் சொல்லி, மகளை என் நெஞ்சோடு போட்டுப் போர்த்திவிட்டிருந்தாள். அப்பாவின் சூடும் பிள்ளைக்கு வேண்டுமாம். ஒரு கோழிக்குஞ்சு எடைகூட இருக்காது என்று தோன்றியது. அவள் மூச்சு விடுகிறாளா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. நெஞ்சிலேயே தெரிந்தது.

கடைசி நிமிடம் வரை கொக்குகள் ஒரு புள்ளி பின்தங்கி. பந்து ஜோனாவின் கையில். நேரம் இருந்தது, ஆளும் இருந்தான். எறிந்தான். எதிராளி குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டான். அவ்வளவுதான், முடிந்தது. ஜோனா புல்லில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். இசக்கி "ச்சே" என்றாள். நான் மகளின் காதருகே குனிந்து, "போட்டும்ளா. அடுத்த வருஷம் பாத்துக்கிடுவோம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எங்கள் முதல் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பிய நாளிலிருந்து இந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. ஊருக்குப் போவதற்கோ, வீடு மாறுவதற்கோ, எதற்குமே சொன்னதில்லை. இசக்கி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"என்ன சொன்னீய?"

"அடுத்த வருஷம்னேன்."

மறுபடி சொல்ல முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தது மாதிரி இருந்தது. முடிந்தது. அதற்கப்புறம் என்னால் அடக்க முடியவில்லை. மகள் நனைந்துவிடக் கூடாதே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அத்தை பதறி எழுந்து வந்து, இத்தனை நாளில் முதல் தடவையாக என் தோளைத் தொட்டார். "சவத்த விடுங்க மாப்ளே. ஒரு ஆட்டந்தான? இதுக்குப் போயி ஆம்பளப் பிள்ள இப்படி அழலாமா?"

இசக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"ஜெயிச்சிருக்க வேண்டிய மேட்ச்சு அத்தை" என்றேன்.